விலகி நிற்பதும் நெருங்கிச் செல்வதும்

ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நின்றிருந்தோம். ராயபுரத்தில் பனியன் கம்பெனியொன்றில் பணிபுரியும் இளைஞர் ஒருவர், நஞ்சராயன் குளத்தில் தாம் எடுத்த புகைப்படத்தைக் காட்டினார். செம்பருந்தின் நகங்களுக்கிடையே ஒரு மீன். அதன் கண் திறந்தே இருந்தது.

அருகில் நின்ற மூதாட்டி, "பாவம், அந்த மீனத் தட்டி உட்டிருக்கக் கூடாதா, கண்ணு?" என்றார்.

இளைஞர் தயங்கினார். "ஒருக்கா அப்படித்தான் ஆச்சுங்க, ஆத்தா. இன்னும் கிட்டப் போயி எடுக்கலாம்னு எறங்குனேன். பருந்து மீனப் போட்டுட்டுப் பறந்துருச்சு. மீனும் பொழைக்கல."

இரக்கம் விரும்பியதை ஆசை செய்து முடித்திருந்தது. பயன் பெற்றவர் எவருமில்லை. பருந்து பசியோடு போயிற்று.

இரையைக் கொல்லும் பறவை கொடியதா? யோபு நூலின் 39-ஆம் அதிகாரத்தில், கழுகு உயரத்திலிருந்து இரை தேடுவதையும் அதன் குஞ்சுகள் குருதி உண்பதையும் இறைவன் தம் படைப்பின் வியப்புகளோடு சேர்த்தே எடுத்துரைக்கிறார். பருந்திடம் பகை இல்லை, பசியே உண்டு. மீனுக்காக நாம் வருந்தலாம். ஆனால் படைத்தவர் அளித்த உணவைப் பறித்துத்தான் நம் இரக்கத்தை மெய்ப்பிக்க வேண்டுமா?

படமெடுப்பவரும் ஒருவகையில் இரை தேடியே வருகிறார். பருந்து பசிக்காக வேட்டையாடுகிறது. நாமோ பல வேளைகளில் பாராட்டுக்காக. நல்ல படம் வேண்டுமென்று இரை வைத்து ஈர்ப்பதும், கூட்டை நெருங்கிக் குஞ்சுகளைக் கலவரப்படுத்துவதும் நடைபெறுகின்றன. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், விலங்கு பறவைகளை இரைகாட்டி ஈர்ப்பதையும் விரட்டுவதையும் கூட்டைக் குலைப்பதையும் 'வேட்டை' என்னும் சொல்லுக்குள்ளேயே அடக்குகிறது. துப்பாக்கியின்றியும் வேட்டையாடலாம் என்பதைச் சட்டம் அறிந்திருக்கிறது. நம் மனச்சான்று அறிய வேண்டாமா? 2022-இல் பறவைகள் சரணாலயமாகவும் 2024-இல் ராம்சர் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்ட அக்குளத்தில் நாம் விருந்தினரே. ஆகவே விலகி நின்று, பொறுமையோடு காத்திருந்து, கிடைத்ததை மட்டும் எடுத்துக்கொள்வது படைப்புக்கு நாம் செலுத்தும் வணக்கம்.

ஆயினும் எல்லா இடத்திலும் விலகி நிற்பது அறமாகுமா? 1993-இல் சூடான் நாட்டில், பஞ்சத்தால் துவண்டு கிடந்த குழந்தையையும் அதன் பின்னே அமர்ந்திருந்த பிணந்தின்னிக் கழுகையும் கெவின் கார்ட்டர் படமெடுத்தார். அப்படம் 1994-இல் புலிட்சர் பரிசு பெற்றது. கழுகை விரட்டியதாக அவர் கூறினார். குழந்தையைத் தூக்கினீரா என்றே உலகம் கேட்டது. அவ்வாண்டிலேயே அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அப்படம் பஞ்சத்தின் கொடுமையைப் பலர் கண்முன் நிறுத்தியது என்பதும் உண்மை. அவரைத் தீர்ப்பிடுவது நம் பணியன்று. அவரிடம் கேட்கப்பட்ட கேள்வியை நம்மிடமே கேட்டுக்கொள்வது நம் கடமை.

நம் ஊர்ச் சாலையில் ஒருவர் அடிபட்டுக் கிடக்கையில் எத்தனை கைகள் முதலில் கைப்பேசியை உயர்த்துகின்றன! எரிகோ செல்லும் வழியில் குருவும் லேவியரும் கண்டார்கள், விலகிப் போனார்கள். சமாரியரும் கண்டார்; அருகே சென்றார். பருந்தின் முன்னே நெருங்கிச் செல்வது எப்படிப் பிழையோ, அப்படியே துன்புறும் மனிதர் முன்னே விலகி நிற்பதும் பிழையாகிறது.

அந்த இளைஞர் இப்போதும் குளத்திற்குச் செல்கிறார். ஆனால் கரையைவிட்டு இறங்குவதில்லை. எங்கே நிற்பது, எங்கே ஓடிச் செல்வது என்று பிரித்தறியும் கண்ணை இறைவன் நமக்கும் அருள்வாராக.