கேட்டதைப் பேசலாமா?

ஓபோவா, கிளாரினெட்டா? இசைத் தேர்வு முடிந்து கதவு திறந்ததும் இங்கிலாந்துப் பள்ளிகளின் தாழ்வாரங்களில் கிளம்புகிற கேள்விகள் இப்படித்தான் இருக்கும். ஒருத்தி ஓபோ என்பாள். இன்னொருவன் கிளாரினெட் என்று அடித்துச் சொல்வான். நாலு பேர் அவன் பக்கம் சேர்ந்துகொள்வார்கள். ஓரமாக நிற்கும் பிள்ளை ஒன்று வாயே திறக்காமல் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கும். எழுதி முடித்த விடைகளை ஒப்பிட்டுப் பார்ப்பதில் என்ன அறம், என்ன பிழை என்று தோன்றலாம். அந்தப் பிள்ளையைக் கவனித்தவர்களுக்கு அப்படித் தோன்றாது.

பதினாறு வயதையொட்டி எழுதும் ஜி.சி.எஸ்.இ. தேர்வில் இசை ஒரு விருப்பப் பாடம். எடெக்ஸெல் வாரியத்தின் திட்டப்படி, வாசித்தோ பாடியோ காட்டுவதற்கு 30 விழுக்காடு, சொந்தமாக இசையமைப்பதற்கு 30 விழுக்காடு, மீதி 40 விழுக்காடு கேட்டு எழுதும் தாளுக்கு. நேரம் ஒன்றே முக்கால் மணி, மதிப்பெண் 80. பாக் முதல் குயின் இசைக்குழு வரை எட்டுப் படைப்புகளை மாணவர்கள் முன்கூட்டியே பாடமாகப் படித்திருப்பார்கள். அவற்றின் பகுதிகளும், அதுவரை கேட்டிராத இசையும் அறை முழுவதற்கும் ஒலிக்கும். எத்தனை தடவை ஒலிக்கும் என்பது முன்பே முடிவானது. அதற்குமேல் ஒரு தடவை கேட்க வழியில்லை.

மற்ற பாடங்களுக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. கணக்குத் தேர்வென்றால் கேள்வியை நினைவுபடுத்தி வீட்டில் மறுபடி போட்டுப் பார்க்கலாம். வரலாறு என்றால் புத்தகத்தைப் புரட்டலாம். தேர்வறையில் ஒலித்த இசை காற்றோடு போயிற்று. தாழ்வாரத்தில் ஒப்பிடப்படுவதெல்லாம் நினைவுகள். அவற்றில் எது சரி என்று தீர்த்துவைக்க அங்கே எதுவும் இல்லை.

நினைவு எவ்வளவு எளிதில் வளையக்கூடியது என்பதைச் சாட்சியங்களை ஆராயும் உளவியலாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஃபியோனா காபர்ட்டும் உடன் ஆய்வாளர்களும் 2003-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரே சம்பவத்தின் இரண்டு காணொளிகள், வெவ்வேறு கோணங்களில் எடுக்கப்பட்டவை. இணையாக வந்தவர்கள் ஆளுக்கொன்றைப் பார்த்தார்கள். இருவரும் பார்த்தது ஒன்றே என்று நம்பிக்கொண்டு பேசினார்கள். பிறகு தனித்தனியாக விசாரித்தபோது, பேசியவர்களில் 71 விழுக்காட்டினர் தாங்கள் பார்க்கவே வாய்ப்பில்லாத ஒன்றைப் பார்த்ததாகச் சொன்னார்கள். காட்சிக்கே இந்த நிலை என்றால், அரை நிமிடம் கேட்டு மறைந்த ஒலியைப் பற்றி என்ன சொல்வது? உறுதியான குரலில் ஒருவன் கிளாரினெட் என்றதும், ஓபோவைச் சரியாகக் கேட்டு எழுதிய பிள்ளைக்கும் கிளாரினெட் கேட்டதாகவே தோன்றத் தொடங்கும். சரியான விடையை எழுதிவிட்டு, தப்பு செய்துவிட்டோம் என்ற வேதனையோடு அது வீட்டுக்குப் போகும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இசையில் மாறுபட்ட இரண்டு விடைகள் இரண்டுமே நேர்மையான கேட்டலிலிருந்து வரலாம். பாடத்தில் உள்ள பாக்கின் ஐந்தாம் பிராண்டன்பர்க் கான்செர்ட்டோவின் மூன்றாம் பகுதியை எடுத்துக்கொள்வோம். காதுக்கு அது ஆறு-எட்டு தாள அளவில் துள்ளும் ஜிக் நடனம். பாக் எழுதிவைத்ததோ இரண்டு-நான்கில். ஒவ்வொரு அடியையும் மும்மூன்றாகப் பிரிக்கும் ட்ரிப்லெட்டுகள்தான் அந்தத் துள்ளலைத் தருகின்றன. (திஸ்ர நடையில் போடும் ஆதி தாளத்தை அறிந்தவர்களுக்கு இது சட்டெனப் புரியும்.) ஆறு-எட்டு என்று கேட்ட மாணவனின் காது பழுதானதல்ல. இசைக்கருவிகளின் பயன்பாட்டை விவரிக்கச் சொல்லும் கேள்விகளிலும் இப்படித்தான்: பொருந்தக்கூடிய பல குறிப்புகள் திருத்துநரின் பட்டியலில் இருக்கும், அவற்றில் வேண்டிய அளவுக்கு எவற்றை எழுதினாலும் மதிப்பெண் உண்டு. என் விடையும் உன் விடையும் வேறு, ஆகவே ஒன்று தப்பு என்ற தாழ்வாரக் கணக்கு இங்கே செல்லாது.

அப்படியானால் பேசவே கூடாதா? அது சரியான தீர்ப்பாக இருக்க முடியாது. இசை கற்பதே பெரும்பாலும் பேச்சில்தான் நடக்கிறது. “அந்த இடத்தில் பாஸ் இறங்கியதே, கவனித்தாயா?” என்று ஒருவர் கேட்க, அடுத்தமுறை மற்றவர் கவனிக்கிறார். ஒன்றே முக்கால் மணி நேரம் ஒரு சொல் பேசாமல் உட்கார்ந்து கேட்ட பிள்ளைகளுக்கு, கேட்டதைப் பகிரும் ஆசை இருப்பது அவர்கள் இசையை நேசிக்கிறார்கள் என்பதற்கு அடையாளம். அதைக் குற்றமாக்குவது கொடுமை.

விதிகளும் அதைக் குற்றமாக்கவில்லை. அவற்றின் அக்கறை வேறு. ஒரே நேரத்தில் இரண்டு தேர்வு மோதும்போது, இங்கிலாந்தில் ஒரு மாணவர் இசைத் தாளை அதே நாளில் பின்னர் எழுதுவார். இடைப்பட்ட நேரம் முழுவதும் கைபேசி இல்லாமல், மற்றவர்களோடு தொடர்பில்லாமல் கண்காணிப்பில் இருப்பார். அவருக்கு ஒரு விடையைச் சொல்லிவிடுவது முறைகேடு. உலகெங்கும் நடக்கும் இன்டர்நேஷனல் பாக்கலோரியேட் தேர்வில், எழுதிய 24 மணி நேரத்துக்குத் தாளின் உள்ளடக்கத்தைப் பள்ளிக்கு வெளியே யாரோடும் பேசக் கூடாது. ஒரு நாட்டில் முடிந்த தேர்வு இன்னொரு நாட்டில் தொடங்கியிருக்காது என்பதே காரணம். 2024 மே மாதத் தேர்வின்போது, எழுதி முடித்தவர்கள் சிலர் வினாக்களை இணையத்தில் பகிர, இன்னும் எழுதாதவர்களிடம் அவை போய்ச் சேர்ந்தது பெரும் சர்ச்சையானது. நேர்மையாகப் படித்த பிள்ளையின் உழைப்பை அது திருடுகிறது. இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

அமெரிக்காவின் ஏ.பி. மியூசிக் தியரி தேர்வின் விதி இன்னும் கடுமையானது. அங்கே 75 கொள்குறி வினாக்களில் பாதிக்கு மேல் கேட்டு விடையளிப்பவை. கொள்குறி வினாக்கள் எதைப் பற்றியும் எக்காலத்திலும் யாரோடும் பேசக் கூடாது என்பது விதி. மெட்டைக் கேட்டு எழுதுவது போன்ற விரிவிடை வினாக்களை, வாரியம் வெளியிட்ட பிறகு பேசலாம். வினாக்களை வேறு ஆண்டுகளிலும் பயன்படுத்த முடிய வேண்டும் என்ற தேவை புரிகிறது. ஆனாலும் வாரியத்தின் வசதிக்காகப் பதினேழு வயதுப் பிள்ளை ஆயுள் முழுக்க வாய்மூடி இருக்க வேண்டும் என்பது அளவுக்கு மீறிய கோரிக்கை. ஒப்புக்கொண்ட மாணவர் அதைக் காக்கக் கடமைப்பட்டவர்தான். அப்படி ஒரு வாக்குறுதியைக் கேட்டு வாங்கியவர்கள் அதைக் குறைக்க வழி தேடக் கடமைப்பட்டவர்கள்.

விதி எதையும் மீறாமலும் தீங்கு செய்ய முடியும் என்பதுதான் இந்த விஷயத்தின் கடினமான பகுதி. எல்லாரும் எழுதி முடித்தாயிற்று, ரகசியம் எதுவும் இல்லை. ஆனால் ஓரமாக நின்ற பிள்ளை கேட்காமலேயே அதன் காதில் விடைகள் விழுகின்றன. ஜி.சி.எஸ்.இ. எழுதுபவர்களுக்குப் பெரும்பாலும் எட்டு, ஒன்பது பாடங்கள். மே, ஜூன் மாதங்களில் தேர்வுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். முடிவு வருவதோ ஆகஸ்டில். நாளைக்கு வேறொரு தேர்வு எழுத வேண்டிய மனம் இன்றைய ஓபோவில் சிக்கிக் கிடக்கிறது. கணக்குப் பார்த்தால் அந்த ஓபோவின் எடை மிகக் குறைவு: 80 மதிப்பெண் 40 விழுக்காட்டுக்கு என்பதால், ஒரு மதிப்பெண் மொத்தப் பாடத்தில் அரை விழுக்காடு. தரத்துக்கான எல்லை மதிப்பெண்கள் திருத்திய பிறகே முடிவாகின்றன. தாள் எல்லாருக்கும் கடினமாக இருந்தால் எல்லை இறங்கும். தாழ்வாரத்தில் எழும் பீதிக்கும் உண்மை நிலவரத்துக்கும் சம்பந்தம் குறைவு.

பக்கத்து அறையில் கூடுதல் நேரம் பெற்ற மாணவர்கள் இன்னும் ஒலிப்பதிவைக் கேட்டுக்கொண்டிருக்கவும் கூடும். 25 விழுக்காடு கூடுதல் நேரம் பெறுபவர்கள் தனி அறையில் எழுதுவது வழக்கம். கேட்பதையே சோதிக்கும் தேர்வில் வெளியே எழும் கூச்சல் அவர்களுக்கு நேரடி இழப்பு.

ஆகவே இதில் நிற்கும் எல்லை ஒன்றுதான்: கேட்பவரின் சம்மதம். இருவரும் எழுதி முடித்து, இருவரும் விரும்பினால் விடிய விடியப் பேசட்டும். விதி விலக்கிவைத்த வினாக்களை மட்டும் விட்டுவிடட்டும். வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அதற்குக் காரணம் கேட்கக் கூடாது, பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்யவும் கூடாது. இந்தப் பண்பு பிள்ளைகளுக்குத் தானாக வந்துவிடாது. தேர்வுக்கு முந்தைய வாரத்திலேயே இசை ஆசிரியர்கள் இதை வகுப்பில் பேச வேண்டும். வீட்டுக்கு வந்ததும் கேள்விவாரியாக விசாரிக்கும் பெற்றோர், அன்று மாலையாவது அதை நிறுத்தி, முதலில் சாப்பாடு போட வேண்டும். மாணவர்கள் “என்ன எழுதினாய்?” என்று கேட்பதற்கு முன் “பேசலாமா?” என்று கேட்டுப் பழகட்டும்.