சுமையும் சோறும்

உடற்பயிற்சிக்கூடங்களில் அடிக்கடி காதில் விழும் சொற்கள் இரண்டு: பல்கிங், கட்டிங். தசை கூட்டத் தேவைக்குச் சற்று அதிகமாக உண்பது பல்கிங். பிறகு கொழுப்பைக் கரைக்க உணவைக் குறைப்பது கட்டிங். ஆண்கள் இரண்டையும் மாறிமாறிச் செய்கிறார்கள். பெண்ணுக்கோ வாழ்நாள் முழுக்கக் கட்டிங்தான் விதிக்கப்பட்டிருக்கிறது.

ஊர்மந்தையில் இளவட்டக்கல்லைத் தூக்கியவனை ஊரே கூடிப் பாராட்டியது. குடமும் செங்கல்லும் சுமந்தவளின் வலிமையை யாரும் கணக்கில் வைக்கவில்லை. ஒலிம்பிக்கில்கூட ஆண்களுக்கு 1896இலேயே வந்த பளுதூக்குதல், பெண்களுக்கு 2000இல்தான் வந்தது. அந்த ஆண்டே சிட்னியில் கர்ணம் மல்லேஸ்வரி மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வென்றார்.

நிரம்பிய சமையல் எரிவாயு சிலிண்டர் ஏறத்தாழ 30 கிலோ. இவற்றையெல்லாம் அன்றாடம் தூக்கும் உடல்களில் வலுவைவிடத் தேய்மானமே மிஞ்சுவது ஏன்? பயிற்சியின் பாலபாடம் இதற்குப் பதில் சொல்கிறது. சுமை தசையைத் தூண்டத்தான் செய்யும். வளர்ப்பவை உணவும் ஓய்வும். பெண்ணுக்குச் சுமை தடையில்லாமல் கிடைத்தது. உணவைக் கடைசிப் பந்தியும், உறக்கத்தை முதல் விழிப்பும் பறித்துக்கொண்டன.

அப்படியானால், தனக்கென்று இரண்டு முட்டைகளைத் தட்டில் வைத்துக்கொள்ளும் பெண் தன்னலக்காரியா? தன்னலம் என்பது பிறர் பங்கை எடுப்பது. அவள் எடுப்பது இத்தனை காலம் மறுக்கப்பட்ட தன் பங்கை. மெலிவதற்காக அளந்து உண்ணப் பழக்கப்பட்டவள், வலுப்பெறுவதற்காக உண்ணும்போது உடலின் உரிமை கைமாறுகிறது.

உடற்பயிற்சிக்கூடக் கட்டணம் எல்லாப் பெண்களாலும் கட்டக்கூடியதல்ல. வீட்டுப் பந்தியின் வரிசையை மாற்றக் கட்டணம் எதுவும் இல்லை.