சொல்லின் சுமை

கோலா தெர்லாவில் ஆலங்கட்டி மழையால் ஒருவரின் தகரக் கூரை பொத்தலாயிற்று எனக் கொள்வோம். மலேசிய வீட்டுக் காப்புறுதிப் பத்திரங்களில் வழக்கமாகப் புயற்காற்றும் வெள்ளமும் பெயர்சொல்லிக் குறிக்கப்படும், ஆலங்கட்டி குறிக்கப்படாது. காற்றோடு வந்த கட்டி புயலைச் சேர்ந்ததா, இல்லையா? கூரையின்கீழ்க் குடும்பம் நனைய, வழக்கு அகராதியைப் புரட்டுகிறது.

1766ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் கார்ட்டர் - போம் வழக்கில் மான்ஸ்பீல்டு பிரபு, அறிந்ததை மறைத்தல் இருதரப்பார்க்கும் ஆகாது என்றார். பழைய பொத்தலைப் புதியதெனக் காட்டுவோரும் அறம் பிறழ்ந்தவரே. ஆயினும் பத்திரத்தை எழுதியவர் நிறுவனத்தார். ஒப்பமிட்டவரோ அதில் ஒரு சொல்லையும் மாற்ற இயலாதவர். சொல் இருபொருள் தந்தால் எழுதியவருக்கு எதிராகவே கொள்க என்னும் சட்டநெறி இரக்கத்தால் வந்ததன்று.

நிலச்சரிவுக்கு ஈடில்லை என்று தெளிவாக எழுதியிருந்தால் அந்நெறியும் கைகொடாது. கூடுதல் கட்டணம் செலுத்தினாலன்றி அவ்விழப்பு சேராது என்பதை, மலைச்சரிவின் அடியில் வாழ்வோர்க்கு ஒப்பமிடுமுன் எவரேனும் அவர் அறிந்த மொழியில் படித்துக் காட்டினரா?