ஆலை இல்லா ஊர்

இன்னும் விடியவில்லை. இலுப்பைப் பூ உதிர்கிறது.
ஓட்டின் மேல் ஒன்று. வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒன்று.

பங்குனி.


டீத்தூள் டப்பாவைத் திறந்ததும் வாசனை. எவர்சில்வர் டம்ளர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. கை பீங்கான் கோப்பைக்குப் போகிறது. ஓரத்தில் நீலப் பூ. பிடியில் விரிசல்.

பாலை முதலில் ஊற்றுவதா, கடைசியிலா என்று இங்கிலாந்தில் தீராத வழக்கு. இங்கே பாலிலேயே தூள் கொதிக்கிறது. ஏலக்காய் ஒன்று தட்டிப் போட்டாயிற்று.


திண்ணை. அப்பாவின் கணக்குப் பெட்டி. மூடி சரிவு; பேனாவை வைத்தால் உருள்கிறது.

கதையில் நேற்று விட்ட இடத்தில் அவள் ஜன்னலோரம் நிற்கிறாள். அவன் வரவில்லை. வெளியே மழை.

பெட்டியின் மேல் வெயில் ஏறுகிறது.


என் கதைகளில் எப்போதும் மழை. சத்தம் போடாத, பகல் முழுதும் தூறுகிற இங்கிலாந்து மழை. நான் அதில் நனைந்ததில்லை.

கண்மாய் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது.


சாட்டன் கிராமத்தில் ஜேன் ஆஸ்டினின் மேசை. வால்நட் மரம். விளிம்பு 12 பக்கம். அவ்வளவு சின்னது.

அதன் மேல் எத்தனை கல்யாணம். அவருக்கு ஒன்றும் நடக்கவில்லை. 1817இல், 41 வயதில், போய்விட்டார்.

பேனா உருள்கிறது. பிடிக்கிறேன்.


1811இல் அச்சில் வந்த அவர் நாவலின் அக்காவும் தங்கையும் 2000இல் ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ படத்தில் தமிழ் பேசினார்கள். செட்டிநாட்டு வீடு. தூண்கள். முற்றத்து வெளிச்சம்.

வேறு ஊர்க்காரர்கள் போலவே இல்லை.


உச்சி வெயில். காக்கை வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருக்கிறது.

சீமை. சொல்லிப் பார்க்கிறேன்.
சீமையெண்ணெய். சீமைப்பசு. வேலி ஓரம் சீமைக்கருவேலம். அந்த முள்மரம் இங்கிலாந்து மரமல்ல. கடல் தாண்டி வந்தது எல்லாம் சீமைதான்.

ஒரு முள் காலில். சின்னது. வலி வருகிறது, நிற்கிறது, போகிறது.


கடையில் மாத நாவல்கள் கயிற்றில் தொங்குகின்றன. வெயிலில் அட்டைப் பெண்களின் முகம் வெளுத்திருக்கிறது. ஒருத்தி புரட்டுகிறாள். கடைசிப் பக்கத்தை முதலில் பார்க்கிறாள்.


புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான். மெல்போர்ன் பெண் மோலி ஃபிங்க். 1915 ஆகஸ்டில் கல்யாணம்.

அவளை ராணி என்று ஆங்கில அரசு ஒப்பவில்லை. பிள்ளையை வாரிசு என்றும் ஒப்பவில்லை. இருவரும் கப்பலேறினார்கள்.

1928இல் பாரிஸில் அவர் இறந்தார். லண்டனில் எரித்தார்கள்.

லண்டன். என் கதைகளில் எல்லாரையும் நான் சந்தோஷமாக அனுப்பி வைக்கிற ஊர்.


இந்தக் கதையை எழுத உட்காரும்போதெல்லாம் கப்பல் வரை வருகிறது.

ஒரு பக்கம் வெள்ளையாகவே இருக்கிறது. பார்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளையில் மெல்லிய கோடுகள், காகிதக் கூழின் நார்கள்.


சாயங்காலம். மறுபடி கோப்பை. இரண்டு பிஸ்கட். நனைத்த பாதி உடைந்து அடிக்குப் போகிறது.

மயில் அகவுகிறது. இன்னொன்று பதில் சொல்லவில்லை.


அலமாரியில் அப்பாவின் ரேடியோ. முள் சிற்றலையிலேயே நிற்கிறது.

இரவுச் சாப்பாடு முடிந்ததும் லண்டன் வரும். இரைச்சலுக்கு நடுவே ஒரு தமிழ்க் குரல் பக்கத்தில் வந்து, விலகி, மறுபடி வரும். அப்பா கையை உயர்த்துவார். வீடு பேச்சை நிறுத்தும். 1941இல் தொடங்கிய தமிழோசை 2017 ஏப்ரலோடு வானொலியில் நின்றது.

குரல் மறந்துவிட்டது. இரைச்சல் மறக்கவில்லை.

முதலில் எந்த ஊரின் மேல் ஆசைப்பட்டேன்? அந்த ஊரா, அந்த இரைச்சலா?

மின்விசிறி சுற்றுகிறது.


இருட்டு. தாளைத் திண்ணையிலேயே விட்டு வந்தது நினைவில் வருகிறது. மேலே பாக்குவெட்டி வைத்திருக்கிறேன். பறக்காது.

எழுந்திருக்கவில்லை.


ஓட்டின் மேல் ஒன்று.


விடிகிறது. வாசலெல்லாம் பூ. வெளிர் மஞ்சள், தடித்த சதை, உள்ளே ஈரம். மண்ணை ஊதிவிட்டு ஒன்றை வாயில் போடுகிறேன். இனிப்பு. இனிப்புக்கு அடியில் லேசாகப் புளித்த வாடை.

ஆலை இல்லாத ஊருக்கு இதுதான் சர்க்கரை என்பார்கள். ஆலை இருக்கிற ஊரில் இதை என்னவென்று சொல்வார்கள்.

இன்னொன்று.


திண்ணையில் தாள். பாக்குவெட்டி நகரவில்லை. பக்கத்தில் ஒரு பூ விழுந்து கிடக்கிறது. எறும்பு வந்துவிட்டது.

மழை என்று எழுதியிருந்த இடம் நனைந்திருக்கிறது.