பழைய கதிரையும் புதிய நீதியும்

புதியதை வரவேற்பது முற்போக்கு, பழையதைப் பேணுவது பிற்போக்கு என்றோர் எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. மொழியிற் பழஞ்சொற்கள் வழக்கொழிவதும் புதுச்சொற்கள் வந்து சேர்வதும் காலத்தின் இயல்பேயன்றிக் குற்றமன்று என நன்னூலார் வகுத்த விதியை, வாழ்க்கை முழுவதற்கும் பொதுவிதியாக்கி மேடைகளிற் பலகாற் பேசியிருக்கிறோம். ஆயின், கழியவேண்டிய பழையது எது, கழிக்கலாகாத பழையது எது என்பதற்கு அவ்விதி விடை தருவதில்லை. இதனை வீட்டுத் தளபாடங்களை வைத்து ஆராய்வது பயனுடைத்து. கால் ஆடும் முதிரைக் கதிரையைத் திருத்தி வைத்துக்கொள்வதா, அதனை விறகாக்கிவிட்டுத் தவணைப் பணத்திற் புதியதொன்றை வாங்குவதா? அற்பமாகத் தோன்றும் இவ்வினாவினுள் உழைப்பைப் பற்றியதும் உரிமையைப் பற்றியதுமான இரு பெரும் பிரச்சினைகள் அடங்கியுள்ளன.

முதலிற் பொருளின் இயல்பை நோக்குவோம். யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளிற் காணப்படும் சாய்மனைக் கதிரை, பெட்டகம், அலுமாரி ஆகியன முதிரை, தேக்கு, வேம்பு முதலிய மரங்களின் முழுப்பலகையால் ஆனவை. ஒரு துண்டின் முனையைக் கழுந்தாகச் சீவி, மற்றதில் துளை வெட்டி, இரண்டையும் பொருத்தி மர ஆணி அறைந்தார்கள். ஒட்டவேண்டிய இடத்தில், விலங்கின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த வச்சிரத்தைப் பூசினார்கள். வச்சிரம் சூட்டிலும் ஈரத்திலும் இளகுந் தன்மையது. ஆகவே, பொருத்துத் தளர்ந்தால் அதனைக் கழற்றிப் பழுதடைந்த காலை மட்டும் மாற்றி மீண்டும் பூட்டலாம். அரக்கு மெருகும் அத்தகையதே. எந்த ஸ்பிரிட்டிற் கரைத்துப் பூசினார்களோ, அதே ஸ்பிரிட்டால் துடைத்தெடுத்து மறுபடி பூசலாம். பிரம்பு அறுந்தாற் பிரம்பை மாத்திரம் புதிதாய்ப் பின்னலாம். செய்யும் முறையிலேயே, பின்னாளில் திருத்த வருபவருக்கும் இடம் விடப்பட்டிருந்தது.

இன்று தவணைக்கு விற்கப்படும் மலிவுத் தளபாடங்களிற் பல, மரத்தூளையும் சிறு சிராய்களையும் பசையிட்டு அழுத்திய பலகையால் ஆனவை. மேலே மரவரிகளை அச்சிட்ட தாள் ஒட்டப்பட்டிருக்கும். மாரிகாலத்து ஈரம் ஏறினால் அப்பலகை ஊதிப் பருக்கும். திருகாணித் துளை ஒருமுறை தளர்ந்துவிட்டால் பின்னர் ஆணி பிடிப்பதரிது. அலுமாரியின் கதவு கழன்று விழுந்தபின்னும் அதற்கான தவணை முடியாதிருப்பதை எத்தனை கூலிக் குடும்பங்களிற் காண்கிறோம்! வீணாகும் மரத்தூளைப் பயன்படுத்துவது தவறன்று. திருத்தமுடியாத பொருளை, நெடுநாள் நிலைக்கும் பொருள்போலத் தோற்றங்காட்டி விற்பதே தவறு. விரைவிற் பழுதாவது வாங்கியவருக்கு நட்டம். மறுபடியும் விற்கவேண்டிய வணிகருக்கோ அது வருமானம்.

1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதற்பாகத்தில், பண்டத்தின் மறைபொருளை விளக்கப் புகுந்த மார்க்ஸ் எடுத்துக்கொண்ட உதாரணம் ஒரு மர மேசையே. பயன்படும் பொருள் என்ற அளவில் மேசையிற் புதிர் ஏதுமில்லை. அது சந்தைக்குப் பண்டமாக வந்ததும், அதன் பின்னாலுள்ள மனிதரின் உழைப்புறவு பொருள்களுக்கிடையிலான உறவாகத் தோற்றங்கொள்கிறது. அதே நூலில் இன்னோரிடத்தில், முன்னைய உழைப்பின் விளைவுகள் உயிருள்ள உழைப்பின் தொடுகையின்றிக் கிடந்தால் வீணே சிதையும் என்றும் அவர் காட்டுகிறார். திருத்தவேலை இவ்விரு உண்மைகளையும் ஒருங்கே விளக்குவது. பழைய பொருத்தைக் கழற்றும் தச்சர், அதனுள்ளே முன்னையவரின் உளித்தடத்தைக் காண்கிறார். விலைச்சீட்டு மறைத்துவிட்ட மனிதர் அங்கே வெளிப்படுகிறார். இறந்தவரின் உழைப்பு இருப்பவரின் உழைப்பால் உயிர்பெறுகிறது. செலவாகும் பணத்திற் பெரும்பங்கு ஊர்த் தச்சரின் கூலியாகிறது. காட்டுக்கும் இதில் நன்மையுண்டு. முதிரை மெல்ல வளரும் மரம். பலகைக்குரிய பருமன் அடையப் பல பத்தாண்டுகள் செல்லும். உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கரி. கதிரை கதிரையாக இருக்கும்வரை அக்கரி வளிமண்டலத்திற் கலப்பதில்லை.

எனினும், இதனை ஏழைகளுக்கான உபதேசமாக்குவது அறமாகாது. 1990களிற் பொருளாதாரத் தடையின்கீழ் வடபகுதி மக்கள் எதையும் எறியாது திருத்தித் திருத்தி வாழ்ந்தனர். அது விரும்பி ஏற்ற நோன்பன்று, வேறு வழியின்மை. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்தை விட்டு இடம்பெயர்ந்து, பின்னர் திரும்பியபோது கதவுநிலைகூட எஞ்சாத வீடுகளைக் கண்ட குடும்பங்கள் பல. திருத்துவதற்குப் பழைய கதிரை இல்லாதவரிடம் பழமையின் பெருமையைப் பேசுவது கொடுமை. அவ்வாறே, வறியவரின் பெட்டகத்தைச் சொற்ப விலைக்கு வாங்கி, மெருகேற்றி, செல்வர் மாளிகையிற் காட்சிப்பொருளாக வைப்பதும் நாம் கூறும் பேணுதலாகாது.

இனி, உரிமையைப் பற்றிய பிரச்சினைக்கு வருவோம். கதிரை அமர்வதற்குரியது. ஆனால், யார் அமரலாம் என்பதை நமது சமூகத்திற் சாதியே தீர்மானித்தது. காட்டில் மரந்தறித்தும் சுமந்தும் உழைத்தவர் பலருக்கு, அம்மரத்தாலான கதிரை இருந்த விறாந்தையில் ஏறும் உரிமையும் இருக்கவில்லை. பாடசாலைகள் பலவற்றில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் வாங்கில் இருக்கவியலாது நிலத்திலிருந்து படித்தனர். மானியம் பெறும் பாடசாலைகளிற் சம ஆசனம் அளிக்கப்படவேண்டும் என்ற நிலை வந்தபோது, 1930ஐ ஒட்டிய காலத்தில், ஆதிக்க சாதியினர் எதிர்த்து நின்றனர். பாடசாலைகளுக்குத் தீயும் வைக்கப்பட்டது. 1966 ஒக்டோபர் 21இற் சுன்னாகத்தில் தொடங்கிய ஊர்வலத்தின்பின் தீண்டாமைக்கெதிரான போராட்டம் வீறுகொண்டது. தேநீர்க் கடையின் வாங்கில் எல்லாருடனும் சமமாக அமர்ந்து, அதே குவளையிற் குடிக்கும் உரிமைக்காக அக்காலத்தில் மனிதர் இரத்தஞ் சிந்தவேண்டியிருந்தது.

ஆகவே, பழைய தளபாடத்தைக் காணும்போது இரண்டைப் பிரித்தறிதல் வேண்டும். அதிலுள்ள மரமும் கைத்திறனும் உழைத்தோர் நமக்கு விட்டுச்சென்ற முதுசொம். அதனை எறிவது அவர்களை அவமதிப்பதாகும். அதனைச் சூழ்ந்திருந்த உயர்வு தாழ்வோ உடையோர் வகுத்த ஒழுங்கு. நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை இங்கேதான் உளது: உழைப்பாற் சேர்ந்தது பேணத்தக்கது, ஒடுக்குமுறையாற் சேர்ந்தது கழிக்கத்தக்கது.

ஆசிரியர்களும் மாணவர்களும் இதற்குத் தூரம் செல்லவேண்டியதில்லை. நமது பாடசாலைகள் பலவற்றின் பின்வளவில் உடைந்த மேசைகளும் வாங்குகளும் மழையில் நனைந்து கிடக்கின்றன. ஊர்த் தச்சர் ஒருவரை அழைத்து, அவருக்குரிய கூலியையும் ஆசிரியருக்குரிய மரியாதையையும் அளித்து, மாணவர் கையில் உளியையும் சீவுளியையும் கொடுப்போம். கழுந்து துளையிற் பொருந்துவது எவ்வாறென அவர்கள் கற்கட்டும். அவ்வாங்குகளில் முன்னொரு காலத்தில் யாரை இருக்கவிடவில்லை என்ற வரலாற்றையும் அவ்வேலையினூடே சொல்லிக்கொடுப்போம்.