ஒண்ணும் ஆகலையே

நவம்பர் கடைசி வாரம். ஒட்டாவாவில் எண்ணெய் மாற்றுவதற்காக காரை ஒரு பட்டறைக்குக் கொண்டுபோயிருந்தேன். அங்கே வேலை செய்த யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் முன்சக்கரத்தின் அருகே குனிந்து, டயரைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"நல்ல டயர்தான் தம்பி. விலையான டயர். ஆனா இந்தக் குளிருக்கு இது சரிவராது."

"வண்டி நல்லாத்தானே ஓடுது அண்ணே?"

"ஓடும். நிக்காது."

அடுத்த மாதம் மாற்றிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு வந்தேன். சில ஆண்டுகள் ஆகிவிட்டன. படிப்பை முடித்து, மலேசியாவுக்குத் திரும்பி, அந்தக் காரையும் மறந்துவிட்டேன். அந்த இரண்டு சொற்கள் மட்டும் போகவில்லை.

கார் என் கைக்கு வந்தது ஆகஸ்ட் மாதத்தில். ஊருக்குத் திரும்பும் அவசரத்தில் ஒருவர் மலிவாக விற்றார். அகலமான, தாழ்வான பக்கச்சுவர் கொண்ட, பந்தயக் காரில் பார்ப்பது போன்ற டயர்கள். கோடைக்கால 'பெர்ஃபாமன்ஸ்' டயர்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். வளைவில் வேகமாகத் திரும்பினாலும் தார்ச்சாலையைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். செப்டம்பர் மழையில்கூட வழுக்கவில்லை. கெட்ட டயர் என்றால் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். நம்மூரில் 'போத்தாக்' என்போமே, கோடெல்லாம் தேய்ந்து வழுக்கையாகிப் போனது. என் டயர்களில் கோடுகள் ஆழமாக, புதிதாக இருந்தன. பார்த்த கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை.

குறை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தது. ரப்பர் என்பது ஒரே பொருள் மாதிரிதான் தோன்றும். ஆனால் ஒவ்வொரு கலவைக்கும் அது இளக்கமாக இருக்கும் வெப்பநிலை ஒன்று உண்டு. கோடை டயரின் கலவை சூடான சாலைக்காகச் செய்யப்பட்டது. சுமார் 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே போகப்போக அது விறைக்க ஆரம்பிக்கும். சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் அமுங்கிப் பிடிக்க வேண்டிய ரப்பர், கடினமான பிளாஸ்டிக்கைப் போல மேலே சறுக்கிக்கொண்டு போகும். பனியே பெய்யாத வறண்ட சாலையிலும் இதுதான் கதை. மைனஸ் 7 டிகிரி அளவில் இந்த வகை டயர்களோடு வண்டியை நகர்த்தக்கூட வேண்டாம், ரப்பரில் விரிசல் விழலாம் என்று சில தயாரிப்பாளர்கள் எச்சரிக்கிறார்கள். ஒட்டாவாவின் ஜனவரியில் மைனஸ் 20 சாதாரணம்.

குளிர்கால டயர் வேறு மாதிரி. உறைபனியிலும் விறைக்காத கலவை. மேற்புறம் முழுக்கக் கத்தியால் கீறியது போன்ற நூற்றுக்கணக்கான மெல்லிய பிளவுகள். பனி அந்தப் பிளவுகளுக்குள் அப்பிக்கொள்ளும். பனியைப் பனிதான் நன்றாகப் பிடிக்கும். இந்த டயர்களின் மேற்புறக் கலவையில் இயற்கை ரப்பர் பொதுவாகக் கூடுதலாக இருக்கும், ஏனென்றால் அது மைனஸ் 70 டிகிரி அளவுக்குப் போனால்தான் கண்ணாடியாக இறுகும். பாட்டி பால்மரம் வெட்டிய கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்தப் பால் எந்த ஊர்ப் பனியில் யாரைக் காப்பாற்றியது என்று அவருக்கும் தெரிந்திருக்காது, எனக்கும் அதுவரை தெரியாது.

இதையெல்லாம் அண்ணன் நீட்டி முழக்கவில்லை. ஓடும், நிக்காது, அவ்வளவுதான். கிளம்புவதற்கு எஞ்சின் பலம் போதும். நான்கு சக்கர இயக்கம் இருந்தால் இன்னும் சுலபமாகக் கிளம்பலாம். நிற்பதற்கு டயரைத் தவிர வேறு நாதி இல்லை. பிடிப்பு பாதியாகக் குறைந்தால், அதே வேகத்தில் நிற்பதற்கு இரண்டு மடங்கு தூரம் வேண்டும்.

டிசம்பர் வந்தது. முதல் பனியில் பயந்து பயந்து ஓட்டினேன். ஒண்ணும் ஆகலை. இரண்டாவது பனியில் பயம் குறைந்தது. ஒண்ணும் ஆகலை. வார இறுதிகளில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்டினோ நகரில் ஒரு கிடங்கில் எனக்கு வேலை. போய்வந்த ஒவ்வொரு நாளும், அண்ணன் சொன்னதற்கு எதிரான ஒரு சாட்சியாக எனக்குள் சேர்ந்துகொண்டே இருந்தது. மெதுவாகப் போனால் போதும், கடைக்காரர்கள் டயர் விற்கத்தான் பார்ப்பார்கள், நம் கை நல்ல கை. இப்படிப் பத்துப் பதினைந்து சாட்சிகள்.

அந்த ஆற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒட்டாவா ஆறு இரண்டு மாநிலங்களின் எல்லை. இந்தப் பக்கம் ஒண்டாரியோ, அந்தப் பக்கம் கியூபெக். கனடாவில் முதன்முதலாகக் குளிர்கால டயரைக் கட்டாயமாக்கிய மாநிலம் கியூபெக். 2008 இலிருந்து நடைமுறை. இப்போது டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை, அங்கே பதிவான கார் அந்த டயர் இல்லாமல் சாலைக்கு வந்தால் 200 டாலரிலிருந்து அபராதம். ஒண்டாரியோவில் அப்படிக் கட்டாயம் இல்லை. 2016 இலிருந்து, குளிர்கால டயர் போட்டவர்களுக்குக் காப்புறுதி நிறுவனங்கள் கட்டணத்தைக் குறைக்க வேண்டும் என்று மட்டும் விதி. ஆக, மெக்டோனல்ட்-கார்ட்டியே பாலத்தின் மீது பக்கத்துப் பக்கத்தில் போகும் இரண்டு கார்களுக்கு ஒரே காற்று, ஒரே பனி. கியூபெக் எண் பலகை வைத்தவர் என்னைப் போல ஓட்டினால் குற்றவாளி. நான் ஒண்டாரியோக்காரன், எனக்கு அது சொந்த விருப்பம்.

சட்டம் சும்மா இருக்கும் இடத்தில்தான் தார்மீகக் கேள்வி நம் மடியில் வந்து விழுகிறது. அப்போது நான் அப்படி யோசிக்கவில்லை. சட்டமே சும்மா இருக்கும்போது நமக்கென்ன என்று இருந்தேன்.

ஒரு ஞாயிறு மாலை, வேலை முடிந்து பாலத்தைக் கடந்து கிங் எட்வர்ட் அவென்யூவில் வந்துகொண்டிருந்தேன். மெதுவாகத்தான். சிக்னல் சிவப்புக்கு மாறியது. பிரேக்கை மிதித்தேன். காலுக்கடியில் ஏபிஎஸ் டக் டக் டக்கென்று துடித்தது. கார் அதைக் கண்டுகொள்ளவில்லை. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்ப்பதுதான் அதன் வேலை, இல்லாத பிடிப்பை அது எங்கிருந்து கொண்டுவரும்? கோட்டைத் தாண்டி, பாதசாரிகள் கடக்கும் இடத்தின் நடுவில் போய், பிறகு நின்றது.

நடைபாதை ஓரத்தில் ஒரு பெண் நின்றிருந்தார். கையில் ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனையில் சறுக்குப் பலகை, அதில் போர்த்திச் சுற்றிய ஒரு குழந்தை. அவர் இன்னும் கால் எடுத்து வைக்கவில்லை. என்னைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை. பிறகு என் காரின் பின்பக்கமாகச் சுற்றி, பலகையை இழுத்துக்கொண்டு சாலையைக் கடந்து போனார்.

ஒண்ணும் ஆகலை.

வீட்டுக்கு வந்து அறைத் தோழர்களிடம் இதை ஒரு சாகசக் கதையாகத்தான் சொன்னேன். எப்படி ஸ்டியரிங்கைப் பிடிச்சேன் தெரியுமா, எப்படி நிதானமா இருந்தேன் தெரியுமா. சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை. என்ன தப்பு செய்தேன் என்று கேட்டால் சொல்லவும் தெரியவில்லை. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. சட்டத்தை மீறவும் இல்லை, சிக்னல் கோட்டைத் தாண்டியதைத் தவிர.

இந்த இடத்துக்கு வில்லியம் கிளிஃபோர்ட் என்ற ஆங்கிலேயக் கணிதவியலாளரிடம் பொருத்தமான ஒரு கதை இருக்கிறது. நம்பிக்கையின் அறம் பற்றி 1877 இல் அவர் எழுதிய கட்டுரையில், ஒரு கப்பல் முதலாளி தன் பழைய கப்பலில் குடிபெயரும் மக்களை ஏற்றி அனுப்புகிறான். பழுது பார்க்க வேண்டும் என்ற சந்தேகம் அவனுக்கு உண்டு. செலவாகும். இத்தனை புயலைத் தாண்டி வந்த கப்பல் இந்த முறையும் தாண்டாதா என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொள்கிறான். கடைசியில் மனதார நம்பியும் விடுகிறான். கப்பல் முழுகுகிறது. கிளிஃபோர்ட் அதோடு நிறுத்தவில்லை. கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தாலும் அவன் குற்றத்தில் ஒரு குன்றிமணி குறையாது என்கிறார். ஏனென்றால் அப்படி நம்புவதற்கான உரிமையை அவன் விசாரித்துச் சம்பாதிக்கவில்லை, சந்தேகத்தை அமுக்கித்தான் பெற்றான்.

படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பத்துப் பதினைந்து சாட்சிகளும் இப்படிச் சேர்த்தவைதாமே?

நூறு ஆண்டுகள் கழித்து தாமஸ் நேகல் இதைச் சிக்கலாக்கினார். 'தார்மீக அதிர்ஷ்டம்' பற்றி அவரும் பெர்னார்ட் வில்லியம்ஸும் 1976 இல் விவாதித்தார்கள். நேகலின் உதாரணங்களில் ஒன்று, பிரேக்கைச் சரிபார்க்காமல் விட்ட ஒரு லாரி ஓட்டுநர். குறுக்கே ஒரு குழந்தை வந்துவிட்டால் அவர் வாழ்நாள் முழுக்கத் தன்னைக் குற்றம் சொல்லிக்கொள்வார். யாரும் வராவிட்டால் அந்த அலட்சியம் ஒரு சின்ன விஷயம். செய்தது ஒன்றுதான், குழந்தை வருவதும் வராததும் அவர் கையில் இல்லை. அப்படியிருக்க, தீர்ப்பு மட்டும் எப்படி இவ்வளவு மாறுகிறது?

என் கேள்வியும் அதுதான். அந்தப் பெண் இரண்டு அடி முன்னால் வைத்திருந்தால் என்ற இன்னொரு நான் இருக்கிறான். அதே டயர், அதே கால், அதே பிரேக். அவன் நீதிமன்றத்தில் நிற்கிறான், நான் அறையில் கதை சொல்லிச் சிரிக்கிறேன். நாங்கள் இருவரும் சமம் என்றால் நான் ஒரு கொலைகாரனைப் போல வாழ வேண்டும். அப்படி யாராலும் வாழ முடியாது. சமம் இல்லை என்றால், என் நல்ல குணம் முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் இரண்டு அடியில் தொங்குகிறது. அதுவும் ஒப்புக்கொள்ளக் கூடியதாக இல்லை.

ரொம்ப நாள் யோசித்து நான் வந்து சேர்ந்த இடம் இது. குற்றம் வேறு, சுமை வேறு. குற்றம் அந்தச் சிக்னலில் நடக்கவே இல்லை. அது நவம்பரில், பட்டறையில், 'அடுத்த மாசம் பாக்கலாம் அண்ணே' என்று நான் சொன்னபோதே முடிந்துவிட்டது. அதில் எனக்கும் அந்த இன்னொருவனுக்கும் வித்தியாசமே கிடையாது. அதற்குப் பிறகு எவ்வளவு சுமக்க வேண்டியிருக்கும் என்பதைத்தான் அதிர்ஷ்டம் தீர்மானிக்கிறது. அவனுக்கு ஆயுள் முழுக்கச் சுமை. எனக்கு ஒரு தூக்கம் வராத இரவு. அதிர்ஷ்டம் என் சுமையைக் குறைத்தது. நான் அதை வாங்கி, நிரபராதி என்று எழுதிய சான்றிதழாக மாற்றிக்கொள்ளப் பார்த்தேன். சாகசக் கதை சொன்னது அதற்குத்தான்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு இருக்கிறது. பணம். நான்கு டயர், உள்வட்டம், பொருத்தும் கூலி எல்லாம் சேர்த்து ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும். அது எனக்கு இரண்டு மாத வாடகை. இரவில் உணவு விநியோகம் செய்கிறவருக்கும், பேருந்து போகாத இடத்தில் துப்புரவு வேலை பார்க்கிறவருக்கும் அது இன்னும் பெரிய தொகை. வசதியுள்ளவர்கள் அறத்தைக் கடையில் வாங்கிக்கொள்ள, இல்லாதவர்கள் குற்றவாளிகளாக நிற்பது என்ன நியாயம்? இந்தக் கேள்வியை நான் தள்ளிவிட மாட்டேன். அப்படி ஒருவர் வேறு வழியில்லாமல் ஓட்டினால், பழியில் ஒரு பங்கை அந்த ஊரும் சுமக்கத்தான் வேண்டும்.

ஆனால் என் கணக்கை நான் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கேட்டினோவுக்குப் பேருந்து இருந்தது. அதே டிசம்பரில் நான் ஒரு புதுக் கைப்பேசி வாங்கினேன். ஏழைகளின் நியாயத்தை நான் அந்த இரவில் கொஞ்ச நேரம் கடன் வாங்கிப் பார்த்தேன். என் அளவுக்கு அது பொருந்தவில்லை.

சாலையில் ஆபத்தே இல்லாமல் யாரும் ஓட்ட முடியாது என்பதும் உண்மை. குளிர்கால டயரும் பனிக்கட்டியில் சறுக்கும். எல்லைக்கோட்டை எங்கே போடுவது? என்னிடம் அதற்கு அளவுகோல் இல்லை. ஒரே ஒரு கேள்வி இருக்கிறது. மிச்சமாகும் காசு யாருக்கு, விழப்போகும் அடி யாருக்கு? நான் தனியாக மலையேறி விழுந்தால் இரண்டும் எனக்கே. அந்தச் சிக்னலில் ஆயிரம் டாலர் என் பையில் இருந்தது. ஆபத்து கயிற்றின் மறுமுனையில் இருந்தது. அந்தக் குழந்தையிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் வகுப்புக்குப் போகாமல், பின்தெருக்கள் வழியாக ஊர்ந்து, அதே பட்டறைக்குப் போனேன். அது மனம் திருந்தியதால் என்று சொல்ல மாட்டேன், பயம்தான். அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை. பழைய டயர்களைக் கழற்றி, பையில் சுற்றி, "ஏப்ரல்ல போடலாம் தம்பி, வீசிப் போடாதீங்கோ" என்றார். அடித்தளத்தில், சூடேற்றும் குழாய்க்குப் பக்கத்தில், குளிர் முடியும்வரை அவை கிடந்தன.

மே மாதம் அவற்றை மாட்டிக்கொண்டு ஆற்றோரச் சாலையில் ஓட்டினேன். ரப்பர் பழையபடி இளகியிருந்தது. வளைவுகளில் அப்படி ஒரு பிடிப்பு. டயர் மீது எந்தத் தப்பும் இல்லை, அது தன் காலத்தில் தன் வேலையைச் செய்தது.

அந்தப் பெண் என்னை எப்போதோ மறந்திருப்பார். அவருக்குத்தான் ஒன்றும் ஆகவில்லையே. சிக்னலில் ஒரு கார் கொஞ்சம் தள்ளி நின்றது, பின்பக்கமாகச் சுற்றிப் போனார், அவ்வளவுதான். அவர் மறந்திருப்பது நல்லது. நான் மறக்கக் கூடாது.