குடிகாரனைக் கண்டு சிரித்தல் அறமாகுமா?

குடித்துத் தள்ளாடும் ஒருவனைத் திரையிற் கண்டு சிரிப்பது குற்றமா என்னும் வினா, பலருக்கு ஒரு வினாவாகவே தோன்றுவதில்லை. சிரிப்பு வருகிறது, சிரிக்கிறார்கள். இதில் அறத்துக்கு என்ன வேலை என்பது அவர்தம் கட்சி. ஆயினும், அதே காட்சியை அட்டனிலோ நுவரெலியாவிலோ ஒரு லயத்துக் காம்பிராவிலிருந்து பார்க்கும் குடும்பத்தை எண்ணிப் பார்த்தால், விடை அத்துணை எளிதன்று என்பது புலப்படும். சம்பள நாளன்று தகப்பன் எந்நிலையில் வீடு திரும்புவான் என்று வாசலைப் பார்த்திருந்து பழகிய பிள்ளைக்குக் குடிகாரனின் தள்ளாட்டம் வெறும் வேடிக்கையன்று.

2006ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான 'பியர்ஃபெஸ்ட்' என்னும் நகைச்சுவைப் படம் இவ்வினாவை ஆராய்தற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். இதனை இயக்கி அதில் நடித்தும் உள்ள ஜெய் சந்திரசேகர், தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவிற் பிறந்தவர். பாட்டனின் சாம்பலை எடுத்துக்கொண்டு ஜேர்மனியின் மியூனிக் நகருக்குச் செல்லும் இரு சகோதரர், அங்கு மறைவாக நடைபெறும் பியர் குடிக்கும் போட்டியில் அவமானப்பட்டுத் திரும்புகின்றனர். பின்னர் ஐவர் கொண்ட குழுவொன்றைத் திரட்டி மீண்டும் களமிறங்குகின்றனர். கதை இவ்வளவே. கொச்சைப் பேச்சும் ஆபாசக் கேலியும் படமெங்கும் விரவிக் கிடக்கின்றன.

இத்தகைய படங்களைப் பற்றிய பார்வையாளர் கருத்துகளை இரு பெரும் அணிகளாக வகுக்கலாம். மூளைக்கு ஓய்வளித்து நண்பரோடு கூடியிருந்து சிரிப்பதற்கான படத்தில் நீதி தேடுவது அறியாமை என்பது ஓர் அணி. அருவருப்பையே நகைச்சுவையென விற்பது சுவையின் சீரழிவு என்பது மற்றோர் அணி. முன்னது சிரிப்பவனின் உரிமையைப் பேசுகிறது. பின்னது கலையின் தரத்தைப் பேசுகிறது. குடியினால் வரும் செலவை யார் இறுக்கிறார் என்பதை இரண்டுமே பேசுவதில்லை.

அப்படத்தில் வரும் ஒரு நிகழ்ச்சி ஈண்டு நோக்கற்பாலது. குழுவில் ஒருவன் பியர்க் கொப்பரையில் மூழ்கடிக்கப்பட்டு மாள்கிறான். சிறிது நேரத்திலேயே அவனுடைய இரட்டைச் சகோதரன் வந்து சேர்கிறான். தன்னையும் இறந்தவனின் பெயராலேயே அழைக்கலாம் என்கிறான். இருவராகவும் நடித்தவர் ஒருவரே. துயரம் அத்துடன் முடிந்துவிடுகிறது. இப்படிக் குடிப்பவர் இறந்துபோவார் என்று தொடக்கத்தில் எச்சரிக்கும் படமே, இறப்பைத் திருத்திக்கொள்ளத்தக்க சிறு பிழைபோற் காட்டிவிடுகிறது. நகைச்சுவை உலகின் விதி அது. அங்கே விழுந்தவனுக்கு அடிபடுவதில்லை. இழப்புக்கு உடனே ஈடு கிடைக்கிறது. மலையகத்தில், குடித்து ஈரல் கெட்டு இறந்த தொழிலாளிக்கு இரட்டைச் சகோதரன் வருவதில்லை. மறுநாட் காலையில் பெரட்டுக்குச் செல்லவேண்டியவள் அவன் மனைவியே.

மலையகத்துக்கும் மதுவுக்கும் உள்ள தொடர்பு தனிமனித ஒழுக்கத்தினால் மட்டும் விளைந்ததன்று. தேயிலை மலைகளின் நடுவே, நுவரெலியாவில், பியர் வடிசாலை 1881இல் தொடங்கிற்று. 1912இல் குடியேற்ற அரசு புதிய மதுவரிக் கொள்கையின்படி கள்ளுத் தவறணைகளைப் பெருக்க முற்பட்டபோது, அதற்கெதிராக இலங்கையில் மதுவிலக்கு இயக்கம் வலுப்பெற்றது. குடி அரசுக்கு வருமானமாக இருந்தது. குளிரிலும் மழையிலும் நாள் முழுவதும் உழைத்தவனுக்கு அதுவே மலிவான ஆறுதலாகவும் இருந்தது. தவறணைக்குப் பணமில்லாதவனைக் கசிப்பு எதிர்கொண்டது. நூலகமும் விளையாட்டிடமும் எட்டாத இடத்திற் போத்தல் மட்டும் எட்டும் தூரத்தில் இருந்ததாயின், அந்தத் தெரிவைத் தொழிலாளியின் தெரிவென்று மட்டும் எவ்வாறு கூறலாம்?

இங்கேதான் சிரிப்பைப் போலவே கண்டனமும் ஐயத்துக்குரியதாகிறது. "தோட்டத்தான் குடிகாரன்" என்ற இழிமொழியை வெளியார் பலர் எளிதிற் சொல்லிவிடுவர். கூலியை உயர்த்தினால் அது தவறணைக்கே போகும் என்று வாதிடுவோரும் உளர். நாட்சம்பளம் 1,000 ரூபாவாவதற்கு 2021 வரை நீண்ட போராட்டம் வேண்டியிருந்த சமூகத்தில், இவ்வாதம் ஒழுக்கவுரை போன்று ஒலித்தாலும் உண்மையில் கூலியை மறுப்பதற்கான சாட்டாகவே பயன்படும். குடும்பத்தின் உணவும் பிள்ளைகளின் கல்வியும் அந்தக் கூலியிலேயே தங்கியுள்ளன என்பதை அது மறைக்கிறது.

அப்படியாயின் இத்தகைய காட்சிகளைத் தடுத்துவிடலாமா? 'பியர்ஃபெஸ்ட்' வெளியான அதே 2006இல், மது, புகையிலை விளம்பரங்களைத் தடைசெய்யும் சட்டம் இலங்கையில் நிறைவேறிற்று. தொலைக்காட்சிப் படங்களிற் போத்தலும் சிகரெட்டும் மங்கலாக்கப்படுவதை மக்கள் அறிவர். எனினும் கையிலிருப்பது மங்கினாலும் தள்ளாட்டம் மங்குவதில்லை, சிரிப்பும் குறைவதில்லை. கண்டியில் 1917இற் பிறந்த எம்.ஜி.ஆர். பெரும்பாலும் குடிகாரனாக நடிப்பதைத் தவிர்த்தவர். 1968இல் வெளிவந்த 'ஒளிவிளக்கு' படத்திற் குடித்து நின்றபோதும் அவருடைய மனச்சாட்சியே எதிரே வந்து இடித்துரைத்தது. ஆயினும், அவர் முதலமைச்சராயிருந்த காலத்திலேயே, 1983இல், தமிழ்நாட்டு அரசின் மதுவாணிப நிறுவனமான டாஸ்மாக் தோன்றியது. திரை தூய்மையாயிருப்பதால் மட்டும் தெரு தூய்மையாகிவிடுவதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.

தமிழிலக்கியமும் இவ்விடயத்தில் ஒருமுகமாகப் பேசவில்லை. அதியமான் இறந்தபோது, கிடைத்த சிறிதளவு கள்ளையும் தனக்குத் தந்தவன் என்று ஔவையார் அவனை நினைந்து அழுதார். அங்கே கள் பகிர்வின் அடையாளம். வள்ளுவரோ கள்ளுண்ணாமை அதிகாரத்தின் இறுதிக் குறளில், தான் குடியாத வேளையிற் குடித்தவனைக் காண்பவன், தன் சோர்வும் இத்தகையதே என நினைத்துப் பாரானோ என்று வினவுகிறார். குடிகாரனைக் காண்பதை வள்ளுவர் விலக்கவில்லை. அக்காட்சியைக் குடிப்பவனுக்குக் கண்ணாடியாக்க விரும்பினார். திரைப்படமும் அதே காட்சியையே காட்டுகிறது. ஆனால், பார்ப்பவன் அதிலே தன்னைக் காணாது தனக்குக் கீழான ஒருவனைக் காணும்படி செய்துவிடுகிறது.

எனவே, சிரிப்பதா கூடாதா என்பதினும், அச்சிரிப்பு யாரை வெளியே நிறுத்துகிறது என்பதே கேட்கத்தக்க வினாவாகும். போதையேறியவனை மட்டும் காட்டி, அவனுக்காகச் சோற்றை மூடிவைத்துக் காத்திருப்பவளை மறைக்கும் நகைச்சுவை குறையுடையது. அவனை மட்டும் வைது, அவனது கூலியையும் குடியிருப்பையும் தவறணையினால் வருவாய் பெறுவோரையும் மறைக்கும் அறிவுரையும் அதே அளவுக்குக் குறையுடையது. தோட்டத்து மக்கள் சிரிக்காத மக்களல்லர். துரையையும் கங்காணியையும் தங்களையுமே நையாண்டி செய்து வாழ்ந்தவர்கள். தன் நிலையைத் தானே கண்டு சிரிப்பவன் விழிப்புக்கு ஓரடி நெருங்குகிறான். காத்திருப்பவளும் அருகிலமர்ந்து மனமொப்பிச் சிரிக்கக்கூடிய நகைச்சுவை பிறக்குமாயின், அதனை அறத்தின் பெயரால் எவரும் தடுக்கவேண்டியிராது. அவள் முகம் திருப்பிக்கொள்ளும் சிரிப்பை, சிரித்தவர்தாம் மீண்டும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.